படகுக்கு இரண்டு ஆள்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. போன தடவை நீ விட்டுப்போன பேண்ட்டுகளை இடுப்பில் பிரித்துத் தைத்தது நான்தானே? நீ எவ்வளவு நலம் என்று எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும்.

"போன்ல சொன்னா ஆகாதா?" என்று உன் அண்ணன் கேட்டார். போனில் நீ "ம்" போடுவாய். முழுக்கதையும் சொல்லி முடித்த பிறகு, "என்ன அண்ணி சொன்னீங்க?" என்பாய். காகிதத்துக்கு "ம்" போட முடியாதில்லையா, அதனால் எழுதுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதிலும் பாதி. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், திருத்தாதே. உன் பத்து வயதில் நான் எழுதிக் கொடுத்த கடைச் சீட்டுக்குக் காற்புள்ளி போட்டு என்னிடமே நீட்டியவன் நீ. கடைக்குப் போகவில்லை, காற்புள்ளி மட்டும் போட்டாய். அன்றைக்கே உன் அண்ணனிடம் சொன்னேன், "இவன் வாத்தியாராகணும், இல்லன்னா யார்கிட்டயாவது நல்லா அடி வாங்கணும்" என்று. இரண்டும் இல்லாமல் சட்டம் எழுதுகிற ஆபீசுக்குப் போய்விட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் இனிமேல் கண்டபடி செலவு செய்யக் கூடாது என்று சட்டம் வருகிறதாமே. அதை எழுதுகிற அறையில் நீயும் உட்கார்ந்திருக்கிறாயாமே. படகில் தினமும் இதே பேச்சுதான். உன் அண்ணன் பாட்டுக்கு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன், "உங்களுக்கு என்னங்க கவலை, தம்பி கையில பேனா! வெட்டெல்லாம் ஊருக்கு, விருந்து உங்க படகுக்கு" என்கிறான். கயிறு போடுகிற பெரியவர் வேறு, "நம்ம தலைக்கு மேல ஒருத்தன் குடை பிடிச்சிருக்கான்யா" என்று ஏற்றிவிடுகிறார். அவருக்கு என்ன, ஜூன் வந்தால் ஓய்வு.

உன் அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவில்லை. "இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன், யார் தயவுலயும் இல்ல. இப்ப போய் தம்பி தயவுல ஓட்டுறான்னு சொல்ல வச்சிடுவானோ?" என்கிறார். ரோஷம் மூக்கு நுனியில் நிற்கிறது, அந்த மூக்கும் சின்ன மூக்கு இல்லை.

ஆகவே, காற்புள்ளி ஐயா, எங்கள் படகுக்கென்று நீ தனியாக ஒரு வரி எழுதி வைத்தாய் என்று தெரிந்தால் உன்னை நடு ஆற்றில் இறக்கி விட்டுவிடுவார். உனக்கு நீச்சலும் வராது. பார்த்து எழுது.

அண்ணி

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. "ம்" போடாமல் படித்தேன். எங்கள் அறைக்குள் நுழையும்போது போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். மசோதா சபைக்குப் போகும் வரை அப்படித்தான். ஆகவே கடிதமே நல்லது.

நீங்கள் விளையாட்டாக எழுதியதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வருடத்தின் மொத்தச் செலவு முந்தைய வருடத்தை மிஞ்சக் கூடாது. அதற்காக, ஓய்வாலோ வேறு காரணத்தாலோ ஓர் இடம் காலியானால் அதில் வேறு ஆள் எடுக்கக் கூடாது. சில சேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு: தீயணைப்பு, சிறை, மருத்துவமனை. அவை சட்டத்தின் கடைசியில் ஒரு பட்டியலாக இருக்கும்.

அந்தப் பட்டியலில் நம் படகும் இருந்தது. நான் போட்டதல்ல. அரசு நேரடியாக நடத்தும் படகு நாட்டிலேயே நம்முடையது ஒன்றுதான் மிச்சம், அதனால் போக்குவரத்துத் துறையினர் கேட்டுச் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்த வரியைச் சுத்தப் பிரதி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்தில் என் அண்ணனின் படகு. உங்கள் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

எங்கள் தலைமை வரைவாளர் அம்மாவிடம் போய், "இதில் என் அண்ணன் வேலை செய்கிறார், இந்த வரியை எடுத்துவிடுங்கள்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்க கேட்டு வந்த வரி இல்லையே இது. இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். நான் வேண்டாம் என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க." "யோசிச்சுட்டேன் மேடம்." காரணத்தையும், மசோதாவைப் பரிசீலிக்கும் குழுவின் குறிப்பில் பதியச் சொன்னேன். குழுத் தலைவர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

அண்ணனிடம் சொல்லுங்கள். இனி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யாரும் எதுவும் பேச முடியாது. பெரியவர் ஓய்வு பெற்றாலும் கவலை வேண்டாம். வேறு துறையில் மிகுதியாக இருக்கும் ஒருவரை மாற்றி அனுப்புவார்கள். வழி இருக்கிறது.

தங்கள்
தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு நானே எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். "மேசையைத் தட்டிப் பாராட்டினார்" என்ற இடம் வந்ததும், "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். "மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று கேட்டதற்கு அப்படி ஒரு சிரிப்பு. மறுநாள் படகில் ஏறினவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு இந்தக் கதையும் இலவசம். "என் தம்பி என் வரியை அவன் கையாலயே அடிச்சான்யா!" அந்தப் பெஞ்சுக்காரன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இவர் பெற்றெடுத்த பிள்ளை போரில் ஜெயித்து வந்ததுபோல் இவருக்கு நடை.

அண்ணனும் தம்பியும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். நடுவில் நான்தான் நனைகிறேன்.

பெரியவர் போன வாரம் ஓய்வாகிவிட்டார். கடைசி நடையில் கயிற்றைச் சுருட்டி உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்து வர்றவன்கிட்ட சொல்லுங்க, வலது பக்கத் தூண் ஆடும்" என்றார். அடுத்து வருகிறவன் வரவில்லை. மாற்றி அனுப்புவார்கள் என்றாயே, யாரும் வரவில்லை.

இப்போது எப்படி ஓட்டுகிறார் என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன். படகுத்துறை நெருங்கும்போது இஞ்சினைக் குறைக்கிறார். சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கம் ஓடுகிறார். கயிற்றுக் கண்ணியைக் கரையில் இருக்கிற தூணுக்கு வீசுகிறார். விழுந்தால், படகு திரும்புவதற்குள் மறுபடி சக்கரத்துக்கு ஓட்டம். விழாவிட்டால் கயிற்றோடு கரைக்கே தாவிவிடுகிறார். தாவும்போது கீழே பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

ஒரு வாலிபன் எழுந்து, "நான் போடறேன் அண்ணே" என்றான். "உட்காருங்க தம்பி. பயணிகள் கயிறைத் தொடக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு" என்றார். அந்தப் போர்டுக்கு இவரேதான் பெயிண்ட் அடித்தது.

"ஐம்பத்தைந்து வயசுல ஓட்டப்பந்தயமா, பரிசு என்ன?" என்று கேட்டேன். "பரிசு வீட்ல இருக்கு, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்கிறார். சீருடைப் பேண்ட்டின் முட்டி கிழிந்து இரண்டு தடவை ஒட்டுப் போட்டுவிட்டேன். ஒட்டு மேல் ஒட்டு போட்டால் கடைசியில் ஒட்டுதான் பேண்ட்.

சீக்கிரம் ஆள் அனுப்பச் சொல். கேலியாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அண்ணி

ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

மாற்றி அனுப்ப ஆள் இல்லை. மிகுதி என்று நினைத்த துறைகளிலும் ஆட்கள் ஓய்வு பெற்றுக் குறைந்துவிட்டார்கள். நான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் சட்டத்திலேயே இன்னொரு வழி உண்டு. அதற்கு ஈடு என்று பெயர். புதிதாக ஒரு செலவைச் சேர்க்க வேண்டுமானால், அதே கணக்குத் தலைப்பில் அதே அளவு இன்னொரு செலவை எடுத்துவிட வேண்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. எதை எடுப்பது என்று பெயர் சொல்லிக் கேட்டால் நிதிக்குழு மறுக்காது.

பெரியவரின் சம்பளமே மிச்சமாகிறதே, அதையே ஈடாகக் காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். முடியாது. ஓய்வு என்பது முன்பே தெரிந்த விஷயம், அந்த மிச்சத்தை வருட ஆரம்பத்திலேயே கழித்துவிட்டுத்தான் வரம்பைப் போட்டார்கள். எதிர்பாராமல் காலியாகிற இடம் மட்டும்தான் ஈடாகும். அப்படி எதுவும் உங்கள் பக்கம் இல்லை.

நம் படகு "அக்கரைச் சேவைகள்" என்ற தலைப்பில் வருகிறது. அதே தலைப்பில் மிச்சம் இருப்பவை மூன்றுதான்: அக்கரையின் மருத்துவச்சி, அங்கே தண்ணீர் ஏற்றும் பம்புக்காரர், படகுத்துறையின் விளக்குகள். விளக்குகளை எடுத்தால் ஒரு ஆள் சம்பளத்துக்குப் பாதிகூட வராது. ஆகவே மற்ற இருவரில் ஒருவர்.

அண்ணனைக் கேட்டு எழுதுங்கள். எழுதியவுடன் நான் மனுவைத் தயார் செய்கிறேன். அதுவரை தாவ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தம்பி

ஜூலை 15

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணனிடம் காட்டவில்லை. நான் தையல்காரி. எங்கே வெட்டுவது என்று துணியைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? அதனால் அக்கரைக்குப் போனேன்.

மருத்துவச்சி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உலர்த்தினதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பார்த்தால் கை கழுவுகிறாள். "யாருக்கு வலி? எந்த வீடு?" என்கிறாள். யாருக்கும் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "என்னைச் சும்மா பார்க்க யாருக்கா வர்றாங்க? நான் வந்தாலே ஒருத்தி கத்துவா" என்று சிரித்து, டீ போட்டுக் கொடுத்தாள். நான் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துக்கொண்டே குடித்தேன். கத்தரியை எங்கே வைப்பது? அவள் ரவிக்கையில் தையல் விட்டிருந்தது. கழற்றிக் கொடு என்று வாங்கி, தைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வெட்டப் போனவள் தைத்துவிட்டு வந்த கதை இது.

பம்புக்காரரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கும் ஏதாவது கிழிந்திருக்கும்.

விளக்கை எடுத்தால் உன் அண்ணன் இருட்டில் தாவ வேண்டும்.

எதிர்பாராமல் காலியாகிற இடம் என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன? பம்புக்காரர் யாரோடாவது ஓடிப்போனால் ஆகுமா? சொல், ஆள் பார்த்து ஏற்பாடு செய்கிறேன்.

பிறகு உன் அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "ஒருத்தர் வயித்துல அடிச்சுட்டு எனக்கு ஆள் வேணாம்" என்றார். அப்போதுதான் கவனித்தேன், இடது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருக்கிறார். எடுங்கள் என்றால் எடுக்கவில்லை. நானே பிடித்து இழுத்தேன். இரண்டு விரல் கருத்து வீங்கிப்போயிருந்தது. கயிற்றுக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதாம். "விரல் தானே, பத்து இருக்கு" என்கிறார்.

தம்பி, இது வரை நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. உன் பேண்ட்டுக்குக்கூடக் கூலி கேட்டதில்லை. நீ அடித்த அந்த வரியை நீயே திரும்பப் போட முடியாதா? நான் எழுதச் சொல்லிக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

அண்ணி

ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

முயற்சி செய்தேன். செய்யாமல் எழுதவில்லை.

சட்டம் நிறைவேறிவிட்டபின் விலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க, சபையில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்க வேண்டும். அதைக் கொண்டுவர ஓர் உறுப்பினர் வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பிறகு குழுவின் குறிப்பைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். "வரைவாளரின் அண்ணன் பணிபுரிவதால் நீக்கப்பட்டது." நான் பதியச் சொன்ன வாக்கியம்.

"இது இல்லன்னா நானே கேட்டிருப்பேன். இப்ப கேட்டா, தம்பி வெளிய எடுத்த மாதிரி எடுத்து அண்ணனை உள்ள விட்டுட்டான்னு பத்திரிகைக்காரன் எழுதுவான். உங்க பேரும் போகும், என் பேரும் போகும், வரியும் வராது" என்றார்.

என் பேரைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை என்றேன். "எனக்கு இருக்கே" என்றார்.

அண்ணி, ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஆள் இல்லாமல் படகை எடுக்க மாட்டேன் என்று அண்ணன் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. படகு ஓரிரு நாள் நின்றால்தான் மேலே இருப்பவர்களுக்குக் காது கேட்கும். விரலுக்கு மருத்துவரிடம் காட்டினீர்களா?

தம்பி

செப்டம்பர் 14

தம்பிக்கு,

எழுதிக் கொடுக்க மாட்டாராம். "படகை நிறுத்தினா அக்கரைல இருக்கிற பிள்ளைங்க எப்படிப் பள்ளிக்கூடம் வரும்? நீ இடுப்புல தூக்கிட்டு வருவியா?" என்று என்னைக் கேட்கிறார். அது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை என்னிடம் சொல்லவில்லை, ஓய்வு பெற்ற பெரியவரிடம் சொல்லியிருக்கிறார், அவர் என்னிடம் சொன்னார். "தம்பி எழுதின சட்டத்தை அண்ணனே மதிக்கலன்னு ஆயிடும்யா. அவனை மேசையைத் தட்டிப் பாராட்டினாங்க."

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன கேலி செய்வது? நீயே சொல்.

விரல் ஆறிவிட்டது, மடங்கத்தான் மாட்டேன் என்கிறது. மழை ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் படிக்கட்டில் பாதி வரை ஏறி, துறைப் பலகை எல்லாம் பாசி. அவர் செருப்புக்கு அடியில் பழைய டயர் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கட்டிலில் படுத்தால் தூக்கத்தில் கால் உதறுகிறது. தூக்கத்திலும் ஓடுகிறார் போலிருக்கிறது.

நான் சொன்னால் காது கேட்காது. நீ எழுதினாலும் வாசித்துக் காட்டச் சொல்லிச் சிரிப்பார். நீ நேரில் வந்து எதிரே உட்கார்ந்து, "அண்ணே, நிறுத்துங்க" என்று சொன்னால் நிறுத்துவார். உன் வாயால் சொன்னால் மட்டும்தான். உன் சட்டத்தை மீற உன்னிடம்தானே அவர் அனுமதி வாங்க முடியும்?

வா. பேண்ட்டும் எடுத்து வா, இலவசம்.

அண்ணி

செப்டம்பர் 22

அண்ணிக்கு,

துணை நிதிக் கோரிக்கைகள் சபையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அறையை விட்டு வெளியே விட மாட்டேன் என்கிறார்கள். அக்டோபர் முதல் வாரம் கட்டாயம் வருகிறேன். வந்து அண்ணன் காலைப் பிடித்தாவது நிறுத்துகிறேன். அது வரைக்கும் மட்டும்.

தம்பி

அக்டோபர் 19

அண்ணி,

ஊருக்கு வந்து சேர்ந்தது முதல் வாரத்தில்தான். சொன்ன வாரத்தில்தான் வந்தேன். அண்ணனை நிறுத்தச் சொல்ல எடுத்த டிக்கெட்டில் சாவு வீட்டுக்கு வந்து இறங்கினேன்.

நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அதனால்தான் என்று முதலில் நினைத்தேன். எல்லோரும் போன பிறகும் நீங்கள் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, சக்கரத்தை மட்டும் கையால் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். ஊசியில் நூல் இல்லை. எதிரில் உட்கார்ந்தேன். என்னைத் திட்டியிருக்கலாம். என் இடுப்பைப் பார்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கிளம்புவதற்கு முன் படகுத்துறைக்குப் போனேன். பெரியவர் வந்து காட்டினார். அண்ணன் இங்கிருந்து தாவினார், பலகை வழுக்கியது, படகு திரும்பி வந்து சுவரோடு சேர்ந்தது, நடுவில் அவர். சக்கரத்தில் யாராவது நின்றிருந்தால் படகு திரும்பியிருக்காது என்றார் பெரியவர். குற்றமாகச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோல் சொன்னார். அதன் பிறகு, "போர்டை மட்டும் பாருங்க, புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காரு" என்றார்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

தம்பி

நவம்பர் 17

அண்ணி,

பதில் இல்லை. வராது என்று நினைத்துக்கொண்டே தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன்.

அண்ணனுக்குச் சேர வேண்டிய பணத்துக்கான தாள்களை அனுப்பியிருந்தேன். உங்கள் கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டன. அந்த உறைக்குள் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும் என்று கிழித்துப் பார்த்தேன்.

படகு நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். இரண்டு இடமும் காலி. விதிப்படி இரண்டிலும் ஆள் எடுக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் பாலம் வரை சுற்றிப் போவதாகச் சொன்னார்கள். ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். நான்கு முறை திருத்தியாயிற்று. இன்னும் கொடுக்கவில்லை.

ஒரு வரி எழுதுங்கள். எதுவாக இருந்தாலும்.

தம்பி

டிசம்பர் 6

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன்மேல் கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. கோபம் இருந்தது, அது வேறு. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் கை பழக்கத்தில் கேலி செய்யப் போகும், அது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இருந்துவிட்டேன். இப்போதும் எங்கேயாவது வந்துவிட்டால் பொறுத்துக்கொள்.

உன்னைத் திட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். எப்படித் திட்டுவது? ஆற்றில் இறக்கிவிடுவார், பார்த்து எழுது என்று வாய்க்கொழுப்பில் எழுதியவள் நான். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரியை அடித்தவன் நீ. அடித்ததைக் கேட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் அவர். மூன்று பேரும் சேர்ந்துதானே தைத்தோம் இதை. எந்தத் தையலைப் பிரிப்பது?

வேலையை விடாதே. விட்டுவிட்டு என்ன செய்வாய்? காற்புள்ளி விற்பாயா? அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. உனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

நேற்று மருத்துவச்சி பாலத்தைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். "சும்மா பார்க்க வந்தேங்க்கா" என்றாள். ஒரு பொம்பளையை இந்தக் கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடியாமல், அங்கேயே ராத்திரி முழுக்கத் தனியாகப் போராடியிருக்கிறாள். பிள்ளை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். "அடுத்தவ பிழைப்பாளான்னு தெரியலக்கா" என்றாள். நான் தைத்துக் கொடுத்த ரவிக்கையைத்தான் போட்டிருந்தாள்.

அவள் போன பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஜூன் மாதக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். ஒன்று உள்ளே வர வேண்டும் என்றால் ஒன்று வெளியே போக வேண்டும், எதை எடுக்கலாம் என்று அண்ணனைக் கேட்டு எழுதுங்கள் என்று. முன்பே தெரிந்த இடம் ஆகாது, எதிர்பாராமல் காலியாகிற இடம் ஆகும் என்று. அப்படி எதுவும் எங்கள் பக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய்.

இப்போது இருக்கிறது.

நான் உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. எழுதிக்கொள்: எடுக்க வேண்டியது உன் அண்ணனை.

அவர் அத்தனை வருஷம் வேலை பார்த்தவர், சம்பளம் ஏறி ஏறி நல்ல சம்பளம். புதிதாக வருகிற பையன்களுக்கு ஆரம்பத்தில் எவ்வளவு கொடுப்பார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் ஒருத்தர் சம்பளத்தில் இரண்டு பேர் வரலாம் என்றார். சக்கரத்துக்கு ஒருவன், கயிற்றுக்கு ஒருவன். ஒருத்தருக்கு ஈடாக இரண்டு பேரா என்று உன் நிதிக்குழு கேட்டால், அந்த ஒருத்தர் இரண்டு ஆள் வேலையைத்தான் பார்த்தார் என்று சொல். கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

குறிப்பில் காரணம் பதிவார்கள் இல்லையா, அந்த உறுப்பினரும் இப்போது பயப்பட வேண்டாம் என்று சொல். அண்ணனுக்காகத் தம்பி போட்டான் என்று இனிமேல் எந்தப் பத்திரிகையும் எழுத முடியாது. அண்ணன் இல்லை.

மனுவை நீயே எழுது. வேறு யாரையும் எழுத விடாதே. உன் கையெழுத்தில் அவர் இருக்கட்டும்.

சீருடைக்குத் துணி என்னிடமே இருக்கிறது. அவருக்கென்று வெட்டி வைத்தது, இன்னும் தைக்கவில்லை. ஓரத்தைக் கூட்டிக் குறைத்து அடித்தால் வேறு அளவுக்கும் வரும். ஆட்கள் வந்தால் அளவெடுக்க என்னிடம் அனுப்பு. இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பு. ஒருத்தன் மட்டும் வந்து நின்றால் நான் டேப்பைக் கையில் எடுக்க மாட்டேன்.

அண்ணி